கிறுக்கு அன்று, ஓர் இயல்பு

(பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

ஐந்து விரல்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பது நம் முன்னோர் வாக்கு. விரல்களில் உள்ள வேறுபாட்டை இயற்கை என்று ஒப்புக்கொள்ளும் நாம், மனத்தில் உள்ள வேறுபாட்டை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. முகம் பார்த்துப் பேசாதவனைத் திமிர் பிடித்தவன் என்கிறோம். கேலியைப் புரிந்துகொள்ளாதவனை மந்தன் என்கிறோம். ஒரே பொருளைப் பற்றி ஓயாது பேசுபவனைக் கிறுக்கன் என்கிறோம். இம்மூன்றும் ஒருவனிடத்திலேயே காணப்பட்டால் ஊரே கூடி அவனுக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டிவிடுகிறது. மருத்துவ உலகம் அதே மனிதனுக்கு வேறொரு பெயர் வைத்தது. அதுவே ஆஸ்பெர்ஜர் சிண்ட்ரோம் என்பதாகும். அதன் வரலாறு என்ன, இயல்புகள் யாவை, அத்தகையோரிடம் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறை எது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நான் எங்கே அறிந்தேன்?

கல்பாக்கம் அணுசக்தி நிலையங்களில் பணிபுரிவோர் குடியிருக்க அமைந்த நகரியங்களுள் அணுபுரம் ஒன்று. அதனை அடுத்த ஒரு சிற்றூர்தான் எங்கள் ஊர். என் தாயார் அணுபுரத்தில் சில வீடுகளில் வீட்டு வேலை செய்து என்னைப் படிக்க வைக்கிறார். அவ்வீடுகளுள் ஒன்றில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். மிக்சி ஓடும் ஓசை கேட்டால் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு நடுங்குவான். அதனால் அந்த வீட்டு அம்மா ஒவ்வொரு முறையும், “கண்ணா, மிக்சி போடப் போறேன், அஞ்சு எண்ணுறதுக்குள்ள நின்னுடும்” என்று சொல்லிவிட்டே பொத்தானை அழுத்துவாராம். அவனுக்கு ஆஸ்பெர்ஜர் இயல்பு உண்டு என்று மருத்துவர்கள் கூறியிருப்பதையும், அதன் தன்மைகளையும் அவர் என் தாயாருக்கு ஒருநாள் விளக்கியிருக்கிறார். ஐந்தாம் வகுப்பு வரை படித்த என் தாயார் வீட்டுக்கு வந்து, “அந்தப் புள்ளைக்கு இருக்கிறதுதான் நம்ம மாமாவுக்கும் இருக்குது” என்றார். எங்கள் குடும்பத்தில் இந்த உண்மையை முதலில் கண்டவர் அவரே. அதன் பிறகே நான் நூல்களைத் தேடிப் படித்தேன்.

பெயரின் வரலாறு

ஆட்டிசம் என்னும் சொல் 'தான்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும் கூறுவர். இன்று நாம் ஆட்டிசம் என்று வழங்கும் நிலையை அமெரிக்காவில் பணியாற்றிய லியோ கான்னர் என்ற மருத்துவர் 1943இல் விவரித்தார். அடுத்த ஆண்டே, அதாவது 1944இல், ஆஸ்திரிய நாட்டு வியன்னாவில் குழந்தை மருத்துவரான ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர் நான்கு சிறுவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அச்சிறுவர்கள் நன்கு பேசினர். அறிவுக் குறையும் அவர்களிடம் இல்லை. ஆயினும் பிற சிறுவரோடு கூடி விளையாட அவர்களுக்குத் தெரியவில்லை. தமக்குப் பிடித்த பொருளைப் பற்றி மட்டும் பெரியவர்களைப் போல் விரிவாகப் பேசினர். அதனால் அவர்களைக் 'குட்டிப் பேராசிரியர்கள்' என்று அவர் குறிப்பிட்டார்.

இவ்விருவருக்கும் முன்னரே சோவியத் நாட்டின் குரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் இதையொத்த ஆறு சிறுவர்களைப் பற்றி 1925இல் எழுதியிருந்தார். அவருடைய பெயர் உலகில் பரவவில்லை. ஆஸ்பெர்ஜரின் கட்டுரையும் செருமன் மொழியில் இருந்தமையால் நெடுங்காலம் அறியப்படாமலே கிடந்தது. 1981இல் இங்கிலாந்தின் லோர்னா விங் என்ற உளமருத்துவர்தான் 34 பேரின் வாழ்க்கைக் குறிப்புகளை ஆராய்ந்து, 'ஆஸ்பெர்ஜர் சிண்ட்ரோம்' என்ற பெயரை ஆங்கில உலகில் பரவச் செய்தார். அவர் மருத்துவர் மட்டுமல்லர். ஆட்டிசம் உடைய ஒரு மகளின் தாயும் ஆவார். 1994இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இப்பெயர் தனியிடம் பெற்றது.

ஆனால் அப்பெயர் அங்கே நிலைக்கவில்லை. ஆட்டிசத்துக்கும் ஆஸ்பெர்ஜருக்கும் இடையே தெளிவான எல்லைக்கோடு வரைய இயலாது என்பதை ஆராய்ச்சிகள் காட்டின. வானவில்லில் எந்த இடத்தில் மஞ்சள் முடிந்து பச்சை தொடங்குகிறது என்று கூற முடியாததைப் போன்றது இது. ஆகவே 2013இல் அக்கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இவை அனைத்தையும் 'ஆட்டிச நிறமாலை' என்ற ஒரே தலைப்பில் அடக்கிற்று. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய்ப் பட்டியலும் அவ்வாறே செய்தது.

பெயரைக் கைவிட விரும்புவோர்க்கு வேறொரு காரணமும் கிடைத்தது. நாஜிகள் காலத்தில் வியன்னாவில் ஸ்பீகல்குரூண்ட் என்ற மருத்துவமனை இருந்தது. அங்கே ஏறத்தாழ 800 குழந்தைகள், வாழத் தகுதியற்றோர் என முத்திரை குத்தப்பட்டுச் சாகடிக்கப்பட்டனர். அவ்விடத்துக்குக் குழந்தைகளை அனுப்பியவர்களுள் ஆஸ்பெர்ஜரும் ஒருவர் என்பதை ஹெர்விக் செக் என்ற வரலாற்றறிஞர் 2018இல் ஆவணங்களைக் கொண்டு எழுதினார். சில சிறுவர்களின் திறமையைப் போற்றிய அதே கை, வேறு சில குழந்தைகளை மரணத்தின் வாயிலுக்கு அனுப்பியது என்பதை நினைக்கையில் நெஞ்சம் நடுங்குகிறது. இருப்பினும் இப்பெயரால் தம்மை அடையாளம் கண்டுகொண்டோர் உலகெங்கும் பலர் உள்ளனர். ஆகவே பேச்சு வழக்கில் அது இன்றும் வாழ்கிறது.

இயல்புகள்

முதலாவது இயல்பு, சொல்லைச் சொல்லாகவே கொள்ளுதல். நாம் பேசும்போது பாதிப் பொருளைச் சொல்லிலும், மீதியை முகத்திலும் குரலிலும் வைத்துப் பேசுகிறோம். அந்த மீதிப் பாதி இவர்களுக்கு எளிதில் எட்டுவதில்லை.

இதற்கு என் மாமாவின் வாழ்க்கையே சான்று. அவர் ஆறாம் வகுப்பில் படிக்கையில் ஆசிரியர் ஒரு கணக்கைக் கரும்பலகையில் தவறாகப் போட்டுவிட்டார். மாமா எழுந்து, “தப்பு” என்றார். பிள்ளைகள் சிரித்தனர். ஆசிரியர் சினந்து, “வெளியே போ, இனிமே இந்தப் பக்கம் தலை காட்டாதே” என்றார். அது கோபத்தில் வந்த பேச்சு, மறுநாள் ஆறிவிடும் என்பது மற்ற எந்தச் சிறுவனுக்கும் தெரிந்திருக்கும். மாமா அதனைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார். மறுநாள் முதல் அவர் பள்ளிக்குப் போகவில்லை. அடித்தும் அழைத்தும் பார்த்தனர். “சார் வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு” என்பதே அவர் தந்த ஒரே விடை. அவருடைய படிப்பு அத்துடன் முடிந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். கணக்கில் ஆசிரியரையே திருத்திய அச்சிறுவன் அந்த முதல் ஆளாக இருந்திருக்கலாம். ஒரு வாக்கியத்தை இருவரும் இருவேறு விதமாகப் புரிந்துகொண்டனர். அதனை எடுத்துச் சொல்ல நடுவே ஒருவரும் இல்லை.

இரண்டாவது, ஒன்றில் ஆழ்ந்த ஈடுபாடு. சிலர்க்கு அது இரயில் அட்டவணையாக இருக்கும். சிலர்க்கு விண்மீன்களாக இருக்கும். என் மாமாவுக்கு அது அளவு. அவர் மாமல்லபுரத்தில் ஒரு கற்சிற்பப் பட்டறையில் பத்து ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறார். சிற்ப நூல் மரபில் ஒரு தாலம் என்பது 12 அங்குலம். ஒன்பது தாலம் உயரமுள்ள உருவை நவதாலம் என்பர். முகத்துக்கு எவ்வளவு, கழுத்துக்கு எவ்வளவு, முழங்காலுக்கு எவ்வளவு என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போவார். கேட்பவர் கொட்டாவி விட்டாலும் அவருக்குத் தெரியாது.

மூன்றாவது, மாறாத ஒழுங்கு. அன்றாட நடைமுறை குலைந்தால் இவர்களுக்குக் கலக்கம் உண்டாகும். வழக்கமான பேருந்து வராத நாளில் மாமா வேறு பேருந்தில் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அது சோம்பல் என்று ஊரார் கூறினர்.

நான்காவது, புலன்களின் கூர்மை. ஒளி, ஓசை, மணம், துணியின் உரசல் ஆகியவை நமக்குத் தோன்றும் அளவைவிடப் பன்மடங்காக இவர்களைத் தாக்கக்கூடும். சிலர்க்கு இதற்கு மாறாக, வலியும் குளிரும்கூடக் குறைவாகவே தோன்றும். உளியும் சுத்தியும் எழுப்பும் ஓசை மாமாவுக்கு இனிது. கல்லறுக்கும் மெஷினின் ஓசையோ அவரைத் தெருவுக்கு ஓடச் செய்யும்.

இவ்வியல்புகள் எல்லோரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெண்கள் பலர் பிறரைப் பார்த்துப் பழகி, இயல்பை மறைத்துக்கொண்டு வாழ்வதால், அவர்களிடம் இது கண்டறியப்படாமலே போவதுண்டு. அவ்வாறு நாள்தோறும் நடித்து வாழ்வது உள்ளத்தைக் களைப்புறச் செய்யும். மனப்பதற்றமும் மனச்சோர்வும் இத்தகையோரிடம் மிகுதியாகக் காணப்படுவதற்கு இது ஒரு காரணமாகும். மேலும், இவர்கள் எல்லோரும் மேதைகள் என்று எண்ணுவதும் பிழை. கிரேட்டா துன்பர்க் போன்ற புகழ்பெற்ற ஓரிருவர் தமக்கு ஆஸ்பெர்ஜர் உண்டு என்று வெளிப்படையாகக் கூறியுள்ளனர். ஆயினும் ஒருவன் மேதையாக இருந்தால்தான் மதிப்போம் என்பது மனித நேயம் ஆகாது.

யார் குற்றம்?

என் மாமா ஐந்து வயது வரை பிற பிள்ளைகளோடு சேரவில்லை என்றதும் ஊரார் குற்றவாளியைத் தேடினர். கிடைத்தவர் என் ஆயா. கருவுற்றிருந்தபோது கிரகண நேரத்தில் வெளியே வந்துவிட்டாள் என்றனர். தாயத்து கட்டினர், வேப்பிலை அடித்தனர். பலன் இல்லை. பழி மட்டும் நின்றது.

இது கல்வியறிவு குறைந்த நாட்டுப்புறத்தின் அறியாமை என்று நண்பர்கள் எண்ணலாம். அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே தாயின் அன்பு குளிர்ந்து போனதால்தான் குழந்தைக்கு ஆட்டிசம் வருகிறது என்ற கொள்கை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஓங்கி நின்றது. அத்தாய்மாரைக் 'குளிர்பெட்டித் தாய்கள்' என்றே அழைத்தனர். புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967இல் இக்கொள்கையைப் பரப்பிப் பெருநூல் எழுதினார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, ஆட்டிசம் உடைய ஒரு சிறுவனின் தந்தையான பெர்னார்டு ரிம்லாண்ட் என்ற உளவியலார், இது மூளையின் அமைப்பைச் சார்ந்தது என்று தம் நூலில் எடுத்துரைத்திருந்தார். எங்கள் ஊரில் கிரகணம், அங்கே குளிர்பெட்டி. இரண்டு இடத்திலும் கூண்டில் நின்றவள் தாயே.

அறிவியல் கண்ட உண்மை வேறு. 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் இரட்டையரை ஆராய்ந்தனர். ஒரு கரு இரட்டையருள் ஒருவர்க்கு ஆட்டிசம் இருந்தால் மற்றவர்க்கும் இருக்கும் வாய்ப்பு, இருகரு இரட்டையரைவிட மிகுதி என்று கண்டனர். மரபணுக்களின் பங்கு இதனால் புலனாயிற்று. பின்வந்த ஆராய்ச்சிகள் இதனை உறுதிப்படுத்தின. ஒரே ஒரு மரபணு இதற்குக் காரணம் அன்று. பல மரபணுக்கள் சேர்ந்து மூளையின் வளர்ச்சியைப் பாதிக்கின்றன. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்று 1998இல் வெளியான ஓர் ஆங்கிலக் கட்டுரையை, அதனை வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளும் அத்தகைய தொடர்பு எதனையும் காணவில்லை.

குறை ஒருவரிடமா, இருவரிடமா?

இவர்களுக்குப் பிறர் மனம் புரிவதில்லை என்று நாம் கூறுகிறோம். இவர்கள் மனம் நமக்குப் புரிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. இவ்வினாவை எழுப்பியவர் இங்கிலாந்தின் டேமியன் மில்ட்டன். தாமும் ஆட்டிசம் உடையவரான அவர், புரியாமை என்பது இருபுறமும் உள்ளது என்று 2012இல் எழுதினார்.

இதனைச் சோதித்துப் பார்த்தவர் காதரின் கிராம்ப்டன் குழுவினர். காதோடு காதாக ஒரு செய்தியைச் சொல்லி, அது கடைசி ஆளிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று பார்க்கும் விளையாட்டை நாம் அறிவோம். 2020இல் வெளியான அவர்கள் ஆய்வில், எட்டு எட்டுப் பேராக நிறுத்தி ஒரு கதையை ஒருவர் மூலம் மற்றவர்க்குச் சொல்லச் செய்தனர். ஆட்டிசம் உடையோர் மட்டும் இருந்த வரிசையிலும், இல்லாதோர் மட்டும் இருந்த வரிசையிலும் கதை ஒரே அளவில் நன்றாகவே சென்றது. இரு சாராரும் கலந்திருந்த வரிசையில்தான் கதை மிகுதியாகச் சிதைந்தது. எனவே குறை ஒருவர் தலையில் மட்டும் இல்லை; இருவருக்கும் இடையிலுள்ள பாலத்திலேயே இருக்கிறது எனலாம்.

மாமா வேலை செய்யும் பட்டறையின் ஸ்தபதி இந்த ஆய்வுகளைப் படித்தவரல்லர். ஆனால் பாலம் கட்டத் தெரிந்தவர். மெஷின் இருக்கும் இடத்துக்கு எதிர்மூலையில் வேப்பமரத்தடியை மாமாவுக்கு ஒதுக்கினார். “சீக்கிரம் முடி” என்று சொல்லாமல், “வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் முடி” என்று சொல்கிறார். மெஷின் போடுமுன் ஒரு குரல் கொடுக்கச் செய்கிறார். இவற்றுக்கு ஒரு காசு செலவில்லை. பல வேலைகளில் சில நாள்கூட நிலைக்காத மாமா, இங்கே நிலைத்து நிற்கிறார்.

முட்டுக்காட்டில்

கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்கு வடக்கே, முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் உள்ளது. மத்திய அரசின் சமூக நீதித் துறையின் கீழ் 2005இல் அது நிறுவப்பட்டது. அணுபுரத்து அம்மா கூறியதன்பேரில் சென்ற ஆண்டு மாமாவை அங்கே அழைத்துச் சென்றோம். எந்தப் பேருந்து, எங்கே மாறுவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பவற்றை ஒரு தாளில் எழுதி ஒரு வாரம் முன்பே அவரிடம் கொடுத்தேன். ஆகவே கலக்கமின்றி வந்தார்.

இவ்வியல்பைக் கண்டறிய இரத்தச் சோதனையோ எக்ஸ்ரேயோ கிடையாது. குழந்தைப் பருவத்து வரலாற்றைக் கேட்டும், நடத்தையை உற்று நோக்கியுமே முடிவு செய்ய வேண்டும். நம் நாட்டில் இதற்கென 40 கூறுகளைக் கொண்ட ஓர் அளவுகோல் வகுக்கப்பட்டுள்ளது. ஆயாவிடம் அங்கிருந்த உளவியலார் நீண்ட நேரம் பேசினார். முடிவில், இது ஆட்டிச நிறமாலையைச் சேர்ந்தது என்றும், பிறவியிலேயே அமைந்தது என்றும் எடுத்துரைத்தார்.

ஆயா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்ப நான் கெரகணத்துல வெளிய வந்ததால இல்லீங்களாம்மா?” என்று கேட்டார். “இல்லை பாட்டி, உங்க மேல ஒரு தப்பும் இல்லை” என்று அவர் சொன்னதும் ஆயா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். முப்பத்தெட்டு ஆண்டுகள் சுமந்த பழியை அன்று அவர் இறக்கி வைத்தார். மருந்து ஒன்றும் தரப்படவில்லை, மாமாவும் மாறிவிடவில்லை. ஆயினும் அந்த ஒரு விடைக்காகவே அப்பயணம் தகும் என்பது என் கருத்து.

சட்டமும் நாமும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டுள்ளது. அவற்றுள் ஆட்டிச நிறமாலையும் ஒன்று. 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு உடையோர் என்று சான்று பெற்றோர்க்கு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களும், அரசுப் பணிகளில் 4 விழுக்காட்டு இடங்களும் உண்டு. அந்த நான்கனுள் ஒன்று ஆட்டிசம் உள்ளிட்ட பிரிவினர்க்கு உரியது. 1999இல் பிறந்த தேசிய அறக்கட்டளைச் சட்டமும் இவர்களைக் காக்கிறது. அதன் 'நிராமயா' திட்டம் ஓர் இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு வழங்குகிறது.

சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே வந்தவரை அமரச் சொல்ல வேண்டியவர் நாமே. 2021ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உடையவர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அக்கணக்கின்படி 2000 பேர் வாழும் ஓர் ஊரில் பதினைந்து பேராவது இருப்பர். நம் வகுப்பறைகளிலும் இருக்கக்கூடும். கடைசி வரிசையில் தனியே அமர்பவர், கலைவிழாவன்று ஒலிபெருக்கிக்கு அஞ்சி வீட்டிலேயே நின்றுவிடுபவர், கேட்டதற்கு மட்டும் விடை கூறுபவர் ஆகியோரெல்லாம் ஆட்டிசம் உடையவர்கள் என்று நாம் முடிவு கட்டலாகாது. அது வல்லுநர் பணி. ஆனால் அவர்களைக் கேலி செய்யாதிருக்க எந்த வல்லுநரின் சான்றும் நமக்குத் தேவையில்லை.

மாணவ நண்பர்களுக்கு என் வேண்டுகோள்கள் சிலவே. சொல்ல வந்ததை மறைபொருளின்றி நேராகச் சொல்லுங்கள். திட்டம் மாறினால் முன்கூட்டித் தெரிவியுங்கள். தனித்திருக்க விரும்புபவரை இழுத்து வந்து கூட்டத்தில் நிறுத்தாதீர்கள். அழைப்பு மட்டும் விடுங்கள், வருவதும் வராததும் அவர் விருப்பம். ஆசிரியப் பெருமக்களுக்கும் பணிவான விண்ணப்பம் ஒன்று உண்டு. மாணவன் ஒருவன், “தப்பு” என்று எழுந்து நின்றால், அவன் பணிவைப் பார்க்குமுன் கரும்பலகையை ஒருமுறை பார்த்தருள வேண்டுகிறேன். அவன் சொன்னது சரியாகவும் இருக்கலாம்.

முடிவுரை

ஆஸ்பெர்ஜர் என்ற பெயர் மருத்துவ நூல்களிலிருந்து நீங்கிவிட்டது. அது நீங்கியதைப் பற்றி நாம் வருந்த வேண்டியதில்லை. நீங்க வேண்டிய வேறு பெயர்கள் நம் தெருக்களில் இன்னும் உள்ளன. நகரியத்தில் பிறந்த சிறுவனுக்கு மருத்துவர் வைத்த பெயரும், பக்கத்துச் சிற்றூரில் பிறந்த அதே இயல்புடைய சிறுவனுக்கு ஊர் வைத்த பெயரும் வேறு வேறாக இருந்தன. இரண்டுக்கும் இடையே நடந்து செல்லும் தொலைவுதான். அத்தொலைவை அறிவு கடக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவும் வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணின் கால்களால் ஆயிற்று. பட்டம் பெறப் போகும் நாம் ஒவ்வொருவரும் நம் ஊருக்குத் திரும்பும்போது, இந்த அறிவையும் உடன் எடுத்துச் செல்வோமாக.